சொந்த ஊர் எது? லொட்ஜுகள், பெயர்ப்பலகைகள், பதிவுத் துண்டுகள்

2007 யூன் 7ஆம் திகதி விடியுமுன் கொழும்பில் லொட்ஜ் கதவுகள் தட்டப்பட்டன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே நேரம். தட்டியது பொலிஸ். தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, உடுப்புப் பையைக் கட்டச் சொல்லி, வெளியில் நின்ற பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர்: ஆண்கள் 291, பெண்கள் 85. பெரும்பாலான பஸ்கள் வவுனியாவுக்கு வெளிக்கிட்டன, மிச்சம் கிழக்குப் பக்கம். யாரையும் கைது செய்யவில்லை. யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. கொழும்பில் தங்கியிருக்க இவர்களுக்குத் தகுந்த காரணம் இல்லை, ஆகவே சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்பதுதான் பொலிஸ் தரப்பு விளக்கம்.

எங்களில் பலருக்கு அப்போது நாலைந்து வயது. சிலர் பிறந்தே இருக்கவில்லை. ஆனால் இந்தக் கதையை வீட்டில் கேட்டால் பெரியவர்கள் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லமாட்டினம். "அதுக்கு முதலும் அப்படித்தானே" என்று தொடங்கி 83க்குப் போவினம், அங்கிருந்து 58க்கு. கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு எது எங்கே தொடங்கியது என்றே குழம்பிப்போகும்.

அந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ள, கொஞ்சமும் எதிர்பாராத ஒரு இடத்திலிருந்து எங்களுக்கு உதவி வந்தது. எங்கட வாசிப்பு வட்டத்தில் இந்த வருடம் செக் நாட்டின் 20ஆம் நூற்றாண்டைப் படித்தோம். 1939இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி, 1968இல் சோவியத் தாங்கிகள், 1989இல் எல்லாம் சரிந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் இத்தனையும். தாங்கிகளைப் பற்றி வாசிக்கும்போது எங்களுக்கு அது தூரத்து வரலாறாகத்தான் இருந்தது. கடுதாசிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும் வெள்ளவத்தை ஞாபகம் வந்தது.

1942 மே 27ஆம் திகதி பிராக் நகரில், அந்த நாட்டை ஆண்டுகொண்டிருந்த நாசித் தலைவர் ஹைட்ரிக்கின் காரை இரண்டு இளைஞர்கள் தாக்கினார்கள். யோசெஃப் கப்சிக், யான் குபிஷ். பிரித்தானியாவிலிருந்து பரசூட்டில் இறக்கப்பட்டவர்கள். ஹைட்ரிக் யூன் 4ஆம் திகதி செத்துப்போனான். அதற்குப் பழியாக லிடிட்சே என்ற கிராமத்தின் ஆண்களைச் சுட்டுக்கொன்று, பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பி, கிராமத்தையே தரைமட்டமாக்கினார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. எங்களைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்ன விசயம். தாக்குதல் நடந்த கையோடு ஒரு அறிவித்தல் போட்டார்கள்: பொலிஸில் பதியாமல் இருக்கிற 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியாதவர் அகப்பட்டால் அவருக்கும் சாவு, அவருக்கு இடம் கொடுத்த வீட்டாருக்கும் சாவு.

தங்கினவன், இடம் கொடுத்தவன், பதிவு. இந்த மூன்று சொல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கொழும்பில் வாடகைக்கு இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரியும்.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பு பிராக் இல்லை. இங்கே பதியாதவரைச் சுடும் சட்டம் எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. இங்கே இருந்தது அந்நிய நாட்டு இராணுவம் இல்லை, வாக்குப் போட்டுத் தெரிவான அரசாங்கம். பாராளுமன்றம் கூடியது, பத்திரிகைகள் வந்தன, நீதிமன்றம் திறந்திருந்தது. தேர்தலும் நீதிமன்றமும் உள்ள ஒரு நாட்டில் ஒரு இனத்து ஆட்களை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாம் என்று ஒரு அதிகாரிக்கு எப்படித் தோன்றியது? இந்தக் கேள்விக்கு நாசிகளைக் காட்டிப் பதில் சொல்லித் தப்ப முடியாது.

பதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. வீட்டுக்காரரிடம் வீட்டில் இருக்கிற ஆட்களின் பட்டியல் கேட்கும் அதிகாரம் வெள்ளைக்காரனின் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது. அதுவும் பிரித்தானிய ஆட்சியின் கடைசி மாதங்களில், அந்த வருடத்துப் பெரிய வேலைநிறுத்தத்தைக் கண்டு பயந்து கொண்டுவந்தது. அவசரகாலச் சட்டம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அதன் பிள்ளைகள். தொழிலாளரை அடக்கப் போட்ட சட்டம் 1958 மே 27இல் இனக்கலவரத்துக்காக எடுக்கப்பட்டது. (ஹைட்ரிக் தாக்கப்பட்ட அதே மே 27. வெறும் தற்செயல், ஆனால் கவனித்துவிட்டதால் சொல்கிறோம்.) 1971இல் சிங்கள இளைஞர்களின் ஜே.வி.பி. கிளர்ச்சிக்கு எதிராகவும் அதுவே. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு வந்து, 1982இல் நிரந்தரமானது. இன்றைக்கும் இருக்கு.

சட்டம் ஒரு பக்கம். வீட்டுக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் வாடகைக்கு எடுத்தால் முதல் வேலை பொலிஸ் பதிவு. வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும், குடியிருக்கிற எல்லோரின் பெயர், ஐசி நம்பர், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் எழுத வேண்டும். முத்திரை குத்தின துண்டைப் போட்டோக்கொப்பி எடுத்து ஆளுக்கொன்று பேர்சில் வைத்திருப்பினம். ஊரிலிருந்து மாமாவோ சித்தியோ வந்தால், தேத்தண்ணி குடிக்க முதல் "பதிஞ்சாச்சா?" என்ற கேள்வி. இரவு சுற்றிவளைப்பு வந்தால், துண்டில் இல்லாத பெயர் வீட்டுக்குள் படுத்திருக்கக் கூடாது. அதனால் விருந்தாளி என்றாலே ஒரு பதற்றம். உறவுக்காரரை வீட்டில் வைத்திருக்கத் தயங்கின குடும்பங்கள் எத்தனையோ. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் கொஞ்சம் இறங்கும். பயப்படுத்தினவன் ஸ்டேசனில் இருந்தான், ஆனால் "இண்டைக்கு லொட்ஜில தங்குங்கோ" என்று மாமாவுக்குச் சொல்ல வேண்டி வந்தது அம்மாவுக்குத்தான்.

அங்கே லொட்ஜுக்கு வருகிறவர்கள் யார்? மகரகமைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள், தூதரகத்தில் வீசாவுக்குத் திகதி கிடைத்துக் காத்திருப்பவர்கள், பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கலியாணம் பேசி ஸ்பொன்சர் கடுதாசி வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள், ஊரில் பிடிபடுவோம் என்று பயந்து வந்த பெடியள். இதற்கெல்லாம் மேலாக ஒன்று. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர இராணுவத்தின் அனுமதி வேண்டும். பிறகு கப்பல் அல்லது விமானம். ஆக, 2007இல் லொட்ஜில் படுத்திருந்த யாழ்ப்பாணத்து ஆளுக்கு "நீ போகலாம்" என்று முத்திரை குத்தின அதே அரசாங்கத்தின் இன்னொரு கைதான் "நீ இங்கே ஏன் வந்தாய்" என்று கதவைத் தட்டியது.

தேசிய அடையாள அட்டை வந்தது 1972இல். அட்டையில் பிறந்த இடம் இருந்தது. மொழியும் ஆளைக் காட்டிக்கொடுத்தது: 2014இல் புதிய அட்டை வரும்வரை, சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மட்டும், தமிழ் பேசுபவரின் அட்டை இரண்டு மொழியிலும் இருந்தது. இரண்டு மொழி தெரிந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். செக்பொயின்றில் இரண்டு மொழி உள்ள அட்டையை நீட்டினால் பக்கத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். பிறகு வரும் கேள்வி "கம கொஹேத?" ஊர் எது? கொழும்பிலேயே பிறந்து, கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் படித்து, யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கும் அதே கேள்வி. "கொழும்பு" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அப்பாவின் ஊர், அவருடைய அப்பாவின் ஊர் என்று வடக்குக்கோ கிழக்குக்கோ மலையகத்துக்கோ போய்ச் சேரும்வரை கேள்வி நிற்காது. சந்தேகத்தில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். வாசிக்கத் தெரியாத கடுதாசியில் கையெழுத்து.

அரசாங்கத்தின் பயம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டில் 91 பேர் செத்தார்கள். அதே வருடம் யூலையில் தெகிவளையில் ரயிலில் குண்டு. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சனம். அந்த ரயிலில் தமிழரும் போய்வருகிறவர்கள்தான். குண்டு வைத்தவர்களை ஒரு அரசாங்கம் தேடத்தான் வேணும். ஆளைத் தேடுவதும் ஊரைத் தேடுவதும் ஒன்றில்லை என்பதே எங்கட வாதம்.

பட்டியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொழும்பில் ஒரு சாட்சி ஏற்கெனவே இருந்தது. 1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் உடல்கள் பொரளை கனத்தைக்கு வருமென்று சனம் கூடியது, அன்றிரவே தீ வைப்பு தொடங்கியது. 25ஆம் திகதி காலி வீதி நீளத்துக்கும் தமிழ்க் கடைகள் எரிந்தன. அதே நாளிலும் 27ஆம் திகதியும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கும்பல்கள் எந்த வீடு தமிழ் வீடு என்று தேடித் திரியவில்லை. கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்காக எழுதின பெயர், எரிப்பதற்கான விலாசம் ஆனது. வீதியில் அகப்பட்டவர்களிடம் பட்டியல் இல்லாதபோது நாக்கைச் சோதித்தார்கள். வாளியைச் சிங்களத்தில் என்னவென்று சொல்லச் சொன்னார்கள், முதல் எழுத்துத் தடுமாறினால் அடி. அந்த நாட்களில் சனம் பொட்டை அழித்தது, வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியது.

பெயர்ப்பலகை என்றதும் பிராக் திரும்ப வருகிறது. 1968 ஓகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. கைது செய்ய வேண்டியவர்களின் பட்டியலோடு ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி பரவியது. அப்போது பிராக் சனம் ஒரு வேலை செய்தது: வீதிப் பெயர்ப்பலகைகளைக் கழற்றியது, வீட்டு இலக்கங்களை மை பூசி அழித்தது. வந்த படைக்கு எந்தத் தெரு எது என்று தெரியாமல் போனது. தேடப்பட்டவனின் வீடு மட்டுமில்லை, தெரு முழுக்கவே பெயரில்லாமல் நின்றது.

கொழும்பில் 83இல் தமிழன் மட்டும் தன் பலகையைக் கழற்றினான். பக்கத்து வீட்டுப் பலகை அப்படியே இருந்தது, சில கடைகளில் இது சிங்களக் கடை என்று புதிதாக எழுதியும் போட்டார்கள். இதை எழுதும்போது, தமிழர்களைத் தங்கள் வீட்டு அறைகளில் ஒளித்துவைத்து வாசலில் நின்று கும்பலோடு வாதாடின சிங்களக் குடும்பங்களையும் சொல்லாமல் விடமாட்டோம். அப்படி உயிர் தப்பினவர்கள் எங்கட குடும்பங்களிலேயே இருக்கினம். ஆனால் அவர்கள் தனித்தனி வீடுகளாக நின்றார்கள். ஒரு தெருவாகச் சேர்ந்து நிற்கவில்லை. வந்த படை அந்நியப் படையாக இருந்தால் அயல் ஒன்றாவது சுலபம் என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். எங்களிடம் அதற்கு மறுப்பு இல்லை.

திரும்ப 2007க்கு வருவோம். பஸ்கள் போன அடுத்த நாள், யூன் 8, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டது. மனுவுக்குப் பெரிய தத்துவம் தேவைப்படவில்லை. 1978 அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரையில், இலங்கைக்குள் நடமாடவும் வதிவிடத்தைத் தெரிவுசெய்யவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்று எழுதியிருக்கு. அதைக் காட்டினார்கள். அன்றைக்கே நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு கொடுத்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்குத் திரும்பி வந்தார்கள். பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச வெளியேற்றத்தை நியாயப்படுத்திப் பேசினார். ஒரே அரசாங்கம், ஒரே வாரம்.

செக் நாட்டில் ‘சாசனம் 77’ என்ற பெயரில் 1977 ஜனவரியில் சுமார் 240 பேர் செய்ததும் இதைப் போன்ற ஒரு வேலைதான். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், மெய்யியலாளர் யான் பட்டோச்கா போன்றவர்கள். அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்கவில்லை. அரசாங்கம் சர்வதேச மனித உரிமை உடன்படிக்கைகளில் கையெழுத்து வைத்து, 1976இல் தன் சட்டத் தொகுப்பிலேயே அச்சடித்திருந்தது. "அச்சடித்ததைச் செய்" என்றுதான் கேட்டார்கள். அதற்கே வேலை போனது, சிறை வந்தது. பட்டோச்கா நீண்ட விசாரணைகளுக்குப் பிறகு அந்த மார்ச்சிலேயே இறந்துபோனார். அவர்களிடம் போய் முறையிட ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை. எங்களிடம் இருந்தது, அன்றைக்கு அது வேலையும் செய்தது. என்றாலும் இங்கேயும் சட்டத்தைக் கையில் எடுத்துப் பேசினவர்கள் விலை கொடுத்தார்கள். கைதான தமிழருக்காக வழக்காடிய குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5இல் வெள்ளவத்தையில் சுடப்பட்டார். வெள்ளை வான் கடத்தல்களைப் பதிவு செய்துகொண்டிருந்த பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுடப்பட்டார். லொட்ஜ் வெளியேற்றத்துக்கு எதிரான மனு அதற்கு ஏழு மாதம் கழித்துப் போட்டது என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்த மனுவின் துணிவு விளங்கும்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் "சொந்த ஊருக்குப் போ" என்ற வசனத்தைத் தேடிக்கொண்டு போனால் 1990 ஒக்ரோபரில் போய் முட்டுவோம். அந்த மாதம் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்ரோபர் 30இல் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் வாங்கி வைக்கப்பட்டன. கையில் சில நூறு ரூபாய்களோடு நடந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்து, முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். இவர்களுக்குப் போக "சொந்த ஊர்" என்று வேறொன்று இருக்கவில்லை, அதுவே சொந்த ஊர். அடுத்த நாள் அவர்களுக்காக யாரும் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழர்கள் அழுதார்கள் என்று முஸ்லிம்களே சொல்லியிருக்கினம். நிறுத்தச் சொல்லித் தெருவில் இறங்கினவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்படவில்லை. பயம் இருந்தது, உண்மை. 83இல் கொழும்புச் சிங்கள அயலவர்களுக்கும் பயம் இருந்தது.

376 என்ற எண்ணை எங்கட ஆட்கள் எல்லோரும் கோபத்தோடு சொல்வார்கள். 75,000 என்று சொன்னால் "அது அந்தக் காலத்து நிலமை" என்று பதில் வரும். எங்கட வட்டத்திலேயே வந்தது. அன்றைக்குச் சண்டை பிடித்துக்கொண்டுதான் கலைந்தோம்.

செக் காரரும் இதில் தப்பவில்லை. ஆறு வருட ஆக்கிரமிப்பில் அவ்வளவு பட்டவர்கள், யுத்தம் முடிந்ததும் 1945இலிருந்து தங்கள் நாட்டில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மன் பேசும் சனத்தை வெளியேற்றினார்கள். கையில் பட்டி கட்டவைத்து, ஒரு மூட்டையோடு. அவர்களில் நாசிகளுக்குத் துணைபோனவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதும் உண்மை, கைக்குழந்தைகளும் இருந்தார்கள் என்பதும் உண்மை. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம் முழுக்க அதைப் பற்றிப் பேசவே முடியாது. ஆட்சி விழுந்த கையோடு, ஹாவெல் அந்த வெளியேற்றம் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். சொந்தச் சனத்திடமே நிறைய ஏச்சு வாங்கினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர் நீதிமன்ற உத்தரவு பஸ்களை நிறுத்தியது, பட்டியலை நிறுத்தவில்லை. 2007 நவம்பர் கடைசியில் கொழும்புப் பக்கம் குண்டுகள் வெடித்தபின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் சில நாட்களுக்குள் பிடிக்கப்பட்டார்கள், ஒரு பகுதியினர் பூசா முகாமுக்குப் போனார்கள். 2008 செப்டெம்பர் 21, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். சனம் விடியவே வரிசையில் நின்றது. இரண்டு கிழமை கழித்துக் கிழக்கு மாகாணத்தவருக்கு. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்ட் முடிவில் காலாவதியானது. 2019 ஏப்ரல் 21இல் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபின் அது திரும்பவும் வந்தது. அந்த முறை கதவு தட்டப்பட்டது முஸ்லிம் வீடுகளில்.

எங்கட அடுத்த வேலை அந்தத் துண்டுகளைச் சேர்ப்பது. பொலிஸ் பதிவுப் படிவம், லொட்ஜ் பில், இராணுவ அனுமதிக் கடுதாசி, புலிகள் கொடுத்த பாஸ், புத்தளம் முகாமின் கூப்பன் அட்டை. பழைய பைல்களில், சாமிப்படத்துக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியின் அடியில் இவை இன்னும் கிடக்கும். வீடு மாறும்போது முதலில் எறிவது இந்தக் கட்டைத்தான். எறிய முதல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ. பெயரையும் ஐசி நம்பரையும் மறைத்துவிட்டு எங்களுக்கு அனுப்பலாம். யார் வாங்கிக் கொடுத்தது, எத்தனை முறை போய் நின்று வாங்கினது என்று வீட்டில் கேட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.